இடர்க்காலமும் யூத நம்பிக்கையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் யூத சமயத்தைப் பற்றி எழுதிய சிறு குறிப்பில், "இடர் வரும்போது அது மனிதனுக்கு விளக்கம் கொடுப்பதைவிட வேலை கொடுப்பதே அதிகம்" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரிக்கு ஆதாரம் கேட்டும், அதை மறுத்தும், அதிலிருந்து கிளைத்த ஐயங்களை எழுப்பியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: துன்பம் வந்தால் கடவுளிடம் முறையிடுவதுதான் எல்லாச் சமயங்களிலும் முதல் வேலை. யூத சமயம் மட்டும் செயலை முன்னே வைக்கிறது என்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?

முறையிடுவது தவறு என்று அந்தச் சமயம் எங்கும் சொல்லவில்லை. நாள்தோறும் மூன்று வேளை ஜெபம் அதற்கு உண்டு. சங்கீதங்களில் பல முறையீடுகளே. ஆனால் முறையீட்டை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் அதற்குத் தெளிவான கருத்து இருக்கிறது. யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில், எகிப்தை விட்டுக் கிளம்பிய மக்கள் முன்னே கடலும் பின்னே பார்வோனின் தேர்ப்படையுமாகச் சிக்கிக்கொண்டு தவிக்கிறார்கள். பயப்படாமல் நின்று பாருங்கள், ஆண்டவர் உங்களுக்காகப் போரிடுவார் என்று மோசே அவர்களைத் தேற்றுகிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே கடவுள் குறுக்கிட்டு, என்னிடம் ஏன் முறையிடுகிறாய், புறப்பட்டுப் போகும்படி மக்களிடம் சொல் என்கிறார்.

பழைய யூத ஆசான்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெருந்தொகுப்பான தல்மூத் இந்தக் காட்சியை இன்னும் நீட்டிச் சொல்கிறது. முதலில் யார் தண்ணீரில் இறங்குவது என்று கோத்திரங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, யூதா கோத்திரத்து நகசோன் என்பவன் கடலில் குதித்துவிட்டான். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. மோசேயோ கரையில் நின்று நெடுநேரம் ஜெபித்துக்கொண்டிருந்தார். என் அன்புக்குரியவர்கள் கடலில் மூழ்குகிறார்கள், நீ ஜெபத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாயே என்று கடவுள் கடிந்துகொண்டாராம். நகசோனின் பெயர் மூலநூலில் அந்த அதிகாரத்தில் இல்லை. பிற்கால ஆசிரியர்கள் சேர்த்த கதை இது. ஆனால் எதைச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது என்பதே நம் கேள்விக்குப் பாதி விடை.

மீதிப் பாதி, ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பில் இருக்கிறது. மழை பொய்த்தால் பொது உபவாசம் எப்படி நடக்க வேண்டும் என்று அது படிப்படியாக விவரிக்கிறது. வேதச்சுருள்கள் இருக்கும் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குத் தூக்கி வர வேண்டும். அடுப்புச் சாம்பலை அதன்மேல் தூவ வேண்டும். தலைவர்களின் தலையிலும் சாம்பலை வைக்க வேண்டும். மற்றவர்கள் தாங்களே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு, அவர்களுள் வயதில் மூத்தவர் எழுந்து நெஞ்சில் தைக்கும்படி பேச வேண்டும். அவர் என்ன பேச வேண்டும் என்பதையும் மிஷ்னாவே சொல்லிவிடுகிறது: சகோதரர்களே, யோனாவின் கதையில் வரும் நினிவே மக்களின் சாக்கு உடையையும் உபவாசத்தையும் கடவுள் கண்டார் என்று எழுதியில்லை, அவர்களுடைய செயல்களைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது. சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே நின்று, இந்தச் சாம்பல் போதாது என்று சொல்வதைச் சடங்கின் ஒரு பகுதியாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆண்டின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் உபவாச நாளின் காலையில் ஜெப ஆலயங்களில் படிக்கப்படும் ஏசாயா 58ஆம் அதிகாரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பசித்தவனோடு உணவைப் பகிர்வதும் ஒடுக்கப்பட்டவனின் கட்டை அவிழ்ப்பதுமே தாம் விரும்பும் உபவாசம் என்று கடவுள் சொல்வதாக, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

கேள்வி: எல்லாமே அழிந்துபோன நிலையில் செயல் என்று எதைச் சொல்வது? எருசலேம் ஆலயம் இடிந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்?

கி.பி. 70இல் ரோமானியர் ஆலயத்தை எரித்தபோது போனது ஒரு கட்டடம் மட்டுமன்று. பலி, பாவநிவாரணம், ஆசாரியர் பணி ஆகிய எல்லாம் அந்த ஓரிடத்தைச் சார்ந்தே இருந்தன. இடிபாடுகளைக் கண்ட ரபி (சமய ஆசான்) யோசுவா, பாவங்களுக்குப் பரிகாரம் கிடைத்த இடம் பாழாகிவிட்டதே என்று அழுகிறார். உடன் இருந்த அவருடைய ஆசிரியர் ரபி யோகனான் பென் சக்காய், அதற்கு நிகரான இன்னொரு பரிகாரம் நம்மிடம் இருக்கிறது, அது அன்புச் செயல் என்று சொல்லி, பலியை அல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்துக்காட்டுகிறார்.

இதே யோகனானைப் பற்றிய இன்னொரு கதை, என் பார்வையில், இதைவிடப் பயனுள்ளது. முற்றுகையிடப்பட்ட எருசலேமிலிருந்து சீடர்கள் அவரைச் சவப்பெட்டியில் வைத்துப் பிணம் போல வெளியே கொண்டுவந்தார்கள் என்றும், அவர் ரோமத் தளபதி வெஸ்பாசியனைச் சந்தித்து யாவ்னே என்ற சிற்றூரையும் அங்கிருந்த அறிஞர்களையும் விட்டுவைக்கும்படி கேட்டார் என்றும் தல்மூத் சொல்கிறது. அவர் எருசலேமைக் கேட்கவில்லை. அதற்காகத் தல்மூத் அவரைச் சும்மா விடவும் இல்லை: அறிவாளியின் அறிவும் மழுங்கிப்போன தருணம் அது, இந்த ஒருமுறை நகரத்தை விட்டுவிடு என்றல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு குரல் அதே பக்கத்தில் அவரைக் குறை சொல்கிறது. அதற்கு மறுமொழியாக, அவ்வளவு பெரிதாகக் கேட்டால் சிறிதும் கிடைக்காமல் போய்விடும் என்று அவர் எண்ணியிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. அவர் செய்தது சரியா என்ற வழக்கு அங்கே தீர்க்கப்படவில்லை. யாவ்னேயில் தொடர்ந்த கல்வியிலிருந்துதான் ஆலயமில்லாத யூத சமயம் உருவானது. இடர்க்காலச் செயல் வீரச்செயலாகவே இருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கதை சற்று ஏமாற்றமளிக்கும்.

கையில் ஒரு மரக்கன்று இருக்கும்போது, யூதர்கள் எதிர்பார்த்திருக்கும் மீட்பரான மெசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நட்டுவிட்டு வா, பிறகு போய் அவரை வரவேற்கலாம் என்ற வாக்கும் இவர் பெயரில்தான் வழங்குகிறது.

கேள்வி: ஏழையைக் கடவுள் நேசிக்கிறார் என்றால் அவரே அவனுக்குச் சோறு போடலாமே? மனிதன் தலையில் ஏன் கட்டுகிறார்?

இதே கேள்வியை ரோம ஆளுநன் ஒருவன் ரபி அகிவாவிடம் கேட்டதாகத் தல்மூத்தில் ஓர் உரையாடல் வருகிறது. அவர்களால் நாம் கடைத்தேறுவதற்காகத்தான் என்பது அகிவாவின் விடை. அரசன் சினந்து சிறையிலிட்டவனுக்கு நீ சோறு போட்டால் அரசன் கோபப்பட மாட்டானா என்று ஆளுநன் மடக்க, சிறையிலிருப்பது அரசனின் மகன் என்றால் சோறு போட்டவனுக்கு அரசன் பரிசல்லவா அனுப்புவான் என்று அகிவா திருப்புகிறார். விடை முழு நிறைவு தருகிறதா என்பது வேறு. துன்பத்தில் இருப்பவன் தன் வினையை அனுபவிக்கிறான், அதில் நாம் தலையிடக் கூடாது என்ற வாதத்துக்கு அது கதவை அடைத்துவிடுகிறது.

ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் மரபில் சாசோவைச் சேர்ந்த ரபி மோஷே லைப் சொன்னதாக வழங்கும் ஒரு பேச்சு இன்னும் துணிச்சலானது. கடவுள் மறுப்புக்கும் உலகில் ஒரு பயன் உண்டு என்றாராம் அவர்: உதவி கேட்டு வந்தவனிடம், கடவுளை நம்பு, அவர் பார்த்துக்கொள்வார் என்று பக்திப் பேச்சுப் பேசி அனுப்பிவிடாதே, கடவுளே இல்லை, இவனைக் காக்க உலகில் உன்னை விட்டால் வேறு ஆளில்லை என்பதுபோல் அந்த நேரத்தில் நடந்துகொள்.

இது நல்லெண்ணமாக மட்டும் நின்றுவிடவில்லை, சட்டமாகவும் எழுதப்பட்டது. வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது நடுத்தரம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துத் தானே பிறரிடம் கையேந்தும் நிலைக்கு வந்துவிடக் கூடாது என்று அளவு வைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் ஒருவரையொருவர் தெரியாதபடி கொடுப்பதுகூட அவர் கணக்கில் இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. கடன் கொடுத்தோ, தொழிலில் பங்காளியாக்கியோ, வேலை தேடித் தந்தோ ஒருவன் மறுபடி கையேந்தத் தேவையில்லாமல் செய்வதே முதற்படி.

கேள்வி: சட்டம், ஆசாரம் என்று கட்டுப்பாடு மிகுந்த சமயம் ஆபத்துக் காலத்தில் கையைக் கட்டிப்போடாதா? ஓய்வுநாளில் ஒருவர் உயிருக்குப் போராடினால்?

வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளை (சனிக்கிழமை) மீற வேண்டும். மீறலாம் என்பதல்ல, மீற வேண்டும். தயங்கி நின்று அனுமதி கேட்கப் போகிறவனை மரபு கண்டிக்கிறது. சிலை வணக்கம், கொலை, முறைகேடான பாலுறவு ஆகிய மூன்றைத் தவிர மற்றெல்லா விலக்குகளும் உயிரைக் காப்பதற்காக விலகிக்கொள்ளும். 1848இல் வில்னா நகரில் காலரா பரவியபோது, யோம் கிப்பூர் அன்று உபவாசத்தால் உடல் தளர்ந்து நோய்க்கு இரையாகாமல் இருக்க உண்ணும்படி ரபி இஸ்ரயேல் சாலந்தர் மக்களுக்குச் சொன்னதாகப் பெயர்பெற்ற ஒரு செய்தி உண்டு. அவரே மேடையேறி எல்லார் முன்னும் உண்டு காட்டினார் என்றும், அனுமதி மட்டுமே அளித்தார் என்றும் இருவகையாகச் சொல்வார்கள்.

மைமோனிடிஸிடம் இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1168இல் சிலுவைப்போர்ப் படை எகிப்தின் பில்பைஸ் நகரைப் பிடித்து மக்களைச் சிறைகொண்டு சென்றது. சிறைப்பட்டவரை மீட்பதைவிடப் பெரிய கொடை இல்லை என்று தம் சட்ட நூலில் எழுதியவர் அவர். அந்தச் சிறைப்பிடிப்பையொட்டி அவர் மற்ற ஊர்ச் சபைகளுக்கு அனுப்பிய மடல், பழைய கெய்ரோவின் ஜெப ஆலயமொன்றில் குவிந்திருந்த பழந்தாள்களோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. நாங்கள் எல்லாரும், நீதிபதிகளும் பெரியவர்களும் மாணவர்களும், இரவும் பகலும் ஜெப ஆலயங்களிலும் சந்தைகளிலும் வீட்டு வாசல்களிலும் அலைந்து பணம் திரட்டுகிறோம், நீங்களும் அவ்வாறே செய்யுங்கள் என்று அதில் எழுதுகிறார். அந்தக் காலத்தின் மிகப்பெரிய அறிவாளிகளுள் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். அதே வேளையில், கைதிகளை அவர்களின் மதிப்புக்கு மேல் விலை கொடுத்து மீட்கக் கூடாது, அது ஆட்கடத்தலைத் தொழிலாக்கிவிடும் என்ற பழைய மிஷ்னா விதியும் நடைமுறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவுசெய்யப்பட வேண்டியிருந்தது.

கேள்வி: நாஜிகளின் முகாம்களிலும், யூதரை அடைத்து வைத்த நகரப் பகுதிகளான கெட்டோக்களிலும் சிக்கியவர்களிடம் செயலுக்கான அழைப்பு என்று பேசுவது கொடுமையல்லவா?

செயல்படாதவர்கள் என்று அவர்களில் எவரையும் சுட்டிக்காட்டப் பயன்படுமானால் கொடுமைதான்; அந்த உரிமை நமக்கு இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பது மட்டும் நமக்கு இயலும்.

யூத மரபில், மக்கள் தம் வாழ்க்கைச் சிக்கல்களை எழுதிக் கேட்பதும் ரபிகள் சட்ட ஆதாரத்தோடு விடை எழுதுவதுமான ஒரு பெரும் இலக்கியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவந்திருக்கிறது. லித்துவேனியாவின் கோவ்னோ கெட்டோவிலும் அது நிற்கவில்லை. ரபி எப்ராயிம் ஓஷ்ரி என்ற இளைஞர் அங்கே தம்மிடம் வந்த கேள்விகளையும் தாம் சொன்ன விடைகளையும் துண்டுக் காகிதங்களில் குறித்து, தகரப் பெட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்தார். உயிர் பிழைத்து, போருக்குப் பின் அவற்றை எடுத்து வெளியிட்டார். காலை ஜெபத்தில், என்னை அடிமையாகப் படைக்காததற்கு நன்றி என்று ஒரு வரி உண்டு. ஜெபத்தை முன்னின்று நடத்திய ஒருவர் அந்த வரியில் வந்து நின்று, அடிமைப்பட்டிருக்கும் நாங்கள் இதை எப்படி வாய்கூசாமல் சொல்வது என்று கதறினார். அந்த நன்றி உடலின் விடுதலைக்காக ஏற்பட்டதல்ல, ஆன்மாவின் விடுதலைக்காக ஏற்பட்டது. ஆகவே இப்போதுதான் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், நம்மை அடைத்து வைத்திருப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும் என்று ஓஷ்ரி தீர்ப்பளித்தார். இங்கே ஜெபமே செயலாகிவிட்டது; முதற்கேள்விக்கு நான் எழுதிய விடையை இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் 1940இல் ஒரு மறைவுக் குழுவை அமைத்தார். ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்பது அதன் பெயர், கூடியது சனிக்கிழமைகளில். ரிங்கெல்ப்ளூம் சமயப் பற்றாளர் அல்லர், இடதுசாரி. ஆனால் ரபி ஷிமோன் ஹூபர்பாண்டும் அந்தக் குழுவில் இருந்தார். டிராம் சீட்டு, ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, கவிதை, நாட்குறிப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். கொன்றவர்களின் ஆவணங்களை மட்டும் கொண்டு தங்கள் வரலாறு எழுதப்பட்டுவிடக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை. 1942 ஆகஸ்டில், கெட்டோ மக்களைக் கொலை முகாமுக்குக் கொண்டுசெல்வது நடந்துகொண்டிருந்தபோதே, முதல் தொகுதியைப் 10 தகரப் பெட்டிகளில் அடைத்து ஒரு பள்ளிக் கட்டடத்தின் அடியில் புதைத்தார்கள். அவை 1946இலும், பால் கேன்கள் இரண்டில் வைத்த அடுத்த தொகுதி 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. இன்னொரு தொகுதி கிடைக்கவே இல்லை. ரிங்கெல்ப்ளூம் 1944இல் மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டார். குழுவினரில் போருக்குப் பின் எஞ்சியவர்கள் மூவர்.

கேள்வி: செயலுக்குத் தூண்டும் நம்பிக்கை கொலைக்கும் தூண்டியிருக்கிறதே? இன்று இஸ்ரேலில் எதிரெதிர் தரப்புகள் இரண்டுமே வேதத்தைக் காட்டித்தானே பேசுகின்றன?

உண்மை. மறுக்க ஒன்றுமில்லை. மேற்குக் கரையில் குடியேற்றங்களை வளர்க்க 1974இல் தொடங்கப்பட்ட குஷ் எமுனிம் இயக்கமும் சரி, பாலஸ்தீனர் உட்பட எல்லாருடைய உரிமைகளுக்காகவும் 1988இல் ரபிகள் தொடங்கிய மனித உரிமை அமைப்பும் சரி, யூத வேதமான தோராவையே தம் ஆதாரமாகச் சொல்லின.

இன்னும் கூர்மையான சான்று, தல்மூத்தின் ஒரே பக்கத்தில் இருக்கிறது. ஆற்றில் மூழ்குகிறவனையோ, காட்டு விலங்கு இழுத்துச் செல்கிறவனையோ, கொள்ளையர் தாக்க வருகிறவனையோ கண்டவன் அவனைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன். தன்னால் இயலாவிட்டால் கூலிக்கு ஆள் வைத்தாவது காப்பாற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. பிறன் இரத்தம் சிந்தும்போது சும்மா நிற்காதே என்ற லேவியராகமக் கட்டளைக்கு அது தரும் பொருள் இது. அதே இடத்தில், ஒருவனைக் கொல்லத் துரத்திச் செல்கிறவனை, வேறு வழியில்லாவிட்டால், கொன்றேனும் தடுக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் பிரதமர் இட்ஸாக் ராபினைச் சுட்டுக் கொன்றவன், பாலஸ்தீனரோடு அவர் செய்த உடன்பாட்டைக் காட்டி, இந்த இரண்டாம் விதியின்படியே நடந்ததாகச் சொல்லிக்கொண்டான். கண்முன் நடக்கும் கொலையைத் தடுக்க ஏற்பட்ட விதியை, தனக்குப் பிடிக்காத அரசியல் முடிவின்மேல் ஏற்றினான். ஆதாரம் காட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் சட்டம் தெரியும் என்று ஆகாது.

மரபு இந்த ஆபத்தை அறியாததல்ல. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பார் கோக்பாவை ரபி அகிவாவே மெசியா என்று கொண்டாடினார். அகிவா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் மகனாகிய மெசியா வந்திருக்க மாட்டான் என்று யோகனான் பென் தோர்த்தா என்ற அவ்வளவாக அறியப்படாத ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். 135இல் கிளர்ச்சி பேரழிவில் முடிந்தது. ஏழைக்குச் சோறு போடுவது பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசிய அதே அகிவாதான் இங்கே தவறினார் என்பதை, தல்மூத்தின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத் மறைக்கவில்லை.

சென்ற நூற்றாண்டில் இந்த அழைப்பு நேராகக் கேட்கப்பட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். பெர்லினில் ரபியாக இருந்து 1937இல் நாஜிகளால் வெளியேற்றப்பட்ட யோவாகிம் பிரின்ஸ், 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சற்று முன்பாகப் பேசினார். ஹிட்லர் ஆட்சியில் தாம் கற்றது, வெறுப்பையும்விட வெட்கத்துக்குரியது மௌனமே என்பதுதான் என்றார். வார்சாவில் பிறந்து, தாயையும் சகோதரிகளையும் நாஜிப் பேரழிவில் இழந்த ஆபிரகாம் யோசுவா ஹெஷல், 1965 மார்ச்சில் செல்மா நகரிலிருந்து கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகக் கிளம்பிய ஊர்வலத்தில் கிங்கோடு முன்வரிசையில் நடந்தார். என் கால்கள் ஜெபம் செய்வதாக உணர்ந்தேன் என்று பின்னர் சொன்னார். இவ்விருவரும் தங்களுக்கு இழைக்கப்பட்டதை வைத்து இன்னொருவருக்காகப் பேசினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னால் எவ்வளவு செய்ய முடியும்? உலகத் துன்பத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

வேலையை முடிப்பது உன் பொறுப்பல்ல, அதைக் கைவிட உனக்கு உரிமையும் இல்லை என்பது ரபி தர்போனின் வாக்கு. படிப்பு பெரிதா செயல் பெரிதா என்ற விவாதத்தில் செயலின் பக்கம் நின்றவரும் அவரே. செயலுக்கு இட்டுச்செல்வதால் படிப்பே பெரிது என்று அன்று அவையினர் முடிவு செய்தார்கள்.

கேள்வி: எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயரே வரவில்லை என்று படித்தேன். அப்படியிருக்க அது எப்படி வேதத்தில் இடம்பெற்றது?

எபிரெய மூலத்தில் வரவில்லை என்பது சரிதான். யூத இனம் முழுவதையும் அழிக்க ஆணை பிறந்திருக்கிறது. அழைக்காமல் அரசன் முன் போனால் சாவு. அரசியான எஸ்தர் தயங்குகிறாள். நீ மௌனமாக இருந்தால் மீட்பு வேறெங்கிருந்தாவது வரும், நீயோ அழிவாய்; இப்படிப்பட்ட ஒரு வேளைக்காகத்தான் நீ அரசியானாயோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்று அவளுடைய உறவினன் மொர்தெகாய் சொல்லி அனுப்புகிறான். உறுதி எதுவும் தரப்படாமல், அற்புதம் எதுவும் நிகழாமல், யாருக்குத் தெரியும் என்ற சொல்லை நம்பி அவள் எழுந்து போகிறாள். புத்தகத்தை வேதத்தில் சேர்ப்பது குறித்துப் பழங்காலத்தில் வாதம் நடந்தது, சேர்ந்தே விட்டது.

அந்த மீட்பைக் கொண்டாடும் பூரீம் பண்டிகைக்கு வைத்திருக்கும் கடமைகளையும் பாருங்கள். எஸ்தரின் கதையைப் படிக்கக் கேட்க வேண்டும், விருந்துண்ண வேண்டும், நண்பருக்கு உணவு அனுப்ப வேண்டும், குறைந்தது ஏழைகள் இருவருக்குக் கொடுக்க வேண்டும். விருந்தைப் பெருக்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதைப் பெருக்குவதே மேல் என்கிறார் மைமோனிடிஸ். அன்று கை நீட்டுகிறவர் உண்மையில் ஏழைதானா என்று விசாரிக்காமல் கொடுக்க வேண்டும். பிறர் கொடையில் வாழ்கிறவரும் கொடுக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்குத் தல்மூத் இரண்டு அறிஞர்களைக் காட்டுகிறது: ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மட்டுமே இருந்த அவர்கள், ஒருவர் சாப்பாட்டை மற்றவருக்கு அனுப்பி மாற்றிக்கொண்டு, உணவு அனுப்பும் கடமையை நிறைவேற்றினார்கள்.